படலையிலிருந்து வீதி வரை

வன்னிப் பெருநிலப்பரப்பின் தூரத்தை வரைபடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. அதை நடந்தவர்களுக்கே அது தெரியும். எமது வாசகியரில் பலர் அதை நடந்தே அறிந்தவர்கள். பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து சென்ற பாதை எவ்வளவு நீளம் என்று அவர்களைக் கேட்டால், கிலோமீற்றரில் சொல்லமாட்டார்கள், நாட்களில் சொல்வார்கள். இன்று அதே பாதையில் காப்பெற் இடப்பட்டு பஸ் ஓடுகிறது. பகலில் தூரம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்துவிட்டால், அல்லது நிறைமாதக் கர்ப்பிணிக்கு இரத்தம் படத் தொடங்கிவிட்டால், பழைய தூரம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

சமூகப் பணியாளர் என்ற வகையில் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டக் கிராமங்களுக்கும் போய்வருபவள் நான். காலபோக அறுவடை முடிந்திருந்த நாட்களில், வவுனியாவிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு வழியாகக் கிளிநொச்சி வரை ஒரு பயணம் மேற்கொண்டேன். வழியில் சந்தித்த பெண்கள் சங்கங்களில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன். "இரவில் அவசரம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" அதற்குக் கிடைத்த பதில்களையும், அந்தப் பதில்களுக்குப் பின்னால் உள்ள விடயங்களையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஓமந்தையைக் கடக்கும்போது

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போகும் பஸ் ஓமந்தையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. இளம் பிள்ளைகளுக்கு அது வழியில் உள்ள ஓர் ஊர். எங்களுக்கு அப்படியல்ல. 2002 இல் சமாதான உடன்படிக்கையின் பின்னர் ஏ9 பாதை திறக்கப்பட்டபோதும், 2006 ஓகஸ்ட் மாதத்தில் அது மூடப்பட்ட பின்னரும், வன்னியிலிருந்து மேல் சிகிச்சைக்காகப் போகும் நோயாளியின் பயணம் அந்த இடத்தில்தான் தடைப்பட்டு நிற்கும். வைத்தியர் எழுதிய கடிதம், அனுமதி, சோதனை, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் துணை என்று எல்லாம் ஒழுங்காகி வரும்வரை நோய் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

2009 இல் அதுவும் இல்லாமற் போயிற்று. அந்த ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆம் திகதியிலிருந்து புதுமாத்தளன் கடற்கரையில் இருந்து காயமடைந்தவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. மே மாதத் தொடக்கம் வரை ஏறத்தாழ 14 ஆயிரம் நோயாளரும், காயமுற்றோரும், அவர்களுக்குத் துணையாகச் சென்றோரும் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அன்று அம்புலன்ஸ் எங்களுக்குக் கடல் வழியாக வந்தது. அதில் ஏற இடம் கிடைக்காதவர்களின் கதை வாசகியருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதை நினைவுபடுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. "உதவி கேட்டாலும் வராது" என்ற எண்ணம் எங்கள் பெண்களிடம் ஆழமாக ஊன்றிப் போயிருக்கிறது. அது அறியாமையால் வந்த எண்ணமன்று. அனுபவத்தால் வந்த எண்ணம். ஆகவே இப்போது உதவி இருக்கிறது என்று வெறுமனே சொல்வதனால் அது மாறிவிடாது.

1990 என்ற இலக்கம்

1990 என்றால் எங்கள் மூத்தவர்களுக்கு ஓர் ஆண்டு நினைவுக்கு வரும். ஜூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் தொடங்கிய ஆண்டு அது. வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று அதே இலக்கம்தான் இலங்கை முழுவதற்குமான இலவச அம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி இலக்கமாகவும் உள்ளது. ஒரு வகையில் இது நல்லது. இந்த இலக்கத்தை எங்கள் வீட்டில் யாருக்கும் மனப்பாடம் செய்து கொடுக்க வேண்டியதில்லை.

'1990 சுவசெரிய' என்ற இச்சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலை 28ஆம் திகதி மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளுடன் தொடங்கியது. பின்னர் மேலும் 209 வண்டிகளுக்கு உதவி கிடைத்து, மொத்தம் 297 ஆனது. வடமாகாணத்துக்கு இது 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

வீட்டிலிருந்து 1990 க்கு அழைத்தால், அழைப்பு கொழும்புப் பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் செல்கிறது. தமிழில் பேசலாம். அவர்கள் அருகில் உள்ள வண்டியை அனுப்புவார்கள். வண்டியில் சாரதியும், பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பர். கட்டணம் எதுவும் இல்லை. வைத்தியசாலைகளுக்குச் சொந்தமான நோயாளர் காவு வண்டிகள் பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளரை மாற்றுவதற்கே பயன்படுகின்றன. வீட்டு வாசலுக்கு வருவது 1990 வண்டிதான்.

மாங்குளத்துக்கு அண்மையில் சந்தித்த ஓர் அக்கா இன்னொரு தயக்கத்தைச் சொன்னார். "அந்த வண்டி பொலிஸ் ஸ்ரேசனடியில நிக்கிறதைக் கண்டனான் பிள்ளை. நாங்கள் கூப்பிட்டால் பொலிசும் சேர்ந்து வருமோ?" இந்த வண்டிகள் பல இடங்களில் பொலிஸ் நிலையங்களை அண்டி நிறுத்தப்படுவது உண்மை. ஆனால் அம்புலன்சை அழைப்பது பொலிசாரை அழைப்பது ஆகாது. தனியே பிள்ளைகளோடு வாழும் பெண்கள் இதனைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

ஆளை எண்ணுவதா, தூரத்தை எண்ணுவதா?

மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான் என்று ஊர்கள் வருகின்றன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் காடு. பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதைகளின் முடிவில் ஒரு குளமும் அதைச் சுற்றி முப்பது, நாற்பது வீடுகளும் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு யானை நடமாட்டம் பற்றிச் சொல்கிறார்கள்.

பஸ்ஸில் இருந்தபடியே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92 ஆயிரம். பரப்பளவோ ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். அதே கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 லட்சத்து 83 ஆயிரம் பேர். பரப்பளவு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் மட்டுமே.

இப்போது மேலே சொன்ன 297 வண்டிகளைச் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டால் 68 ஆயிரம் பேருக்கு ஒன்று வரும். அந்தக் கணக்கில் முல்லைத்தீவு முழுவதற்கும் ஒன்று அல்லது இரண்டு வண்டிதான். நிலப்பரப்புக்கு ஏற்பப் பங்கிட்டால் 220 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று வரும். அந்தக் கணக்கில் முல்லைத்தீவுக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வண்டிகள் தேவை. கிளிநொச்சியை எடுத்தால், ஆளை எண்ணினால் இரண்டுக்கும் குறைவு. நிலத்தை எண்ணினால் ஆறு.

உண்மையில் எத்தனை வண்டி எங்கே நிற்கிறது என்பது அவ்வப்போது மாறக்கூடியது. நான் சொல்ல வருவது எண்ணும் முறையைப் பற்றியது. வளங்களை ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். பாடசாலைப் புத்தகத்தை அப்படிப் பிரிக்கலாம். அம்புலன்சை அப்படிப் பிரிக்க முடியாது. ஏனென்றால் அம்புலன்ஸ் கொண்டுவருவது நேரத்தை. வண்டி 25 கிலோமீற்றர் தள்ளி நின்றால், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் அரை மணித்தியாலம் ஆகும். நோயாளியை ஏற்றிக்கொண்டு அதே தூரம் வைத்தியசாலைக்குப் போனால் இன்னுமோர் அரை மணித்தியாலம். அந்த நேரத்தில் மற்றொரு கிராமத்திலிருந்து அழைப்பு வந்தால், அதற்கு இன்னும் தொலைவிலிருந்துதான் வண்டி வரவேண்டும். இங்கிலாந்தில் உயிராபத்தான அழைப்புகளுக்கு எட்டு நிமிடத்தில் போய்ச்சேர வேண்டும் என்பது நீண்ட காலமாக இலக்காக இருந்தது. காட்டின் நடுவே உள்ள கிராமத்துக்கு எட்டு நிமிடம் என்று கேட்பது நடைமுறையல்ல. ஆனால் சனம் குறைவு என்பதைக் காட்டி வண்டியையும் குறைப்பது, தூரத்தில் இருப்பவர்களை இரண்டு தடவை தண்டிப்பதாகும்.

முகவரி இல்லாத வீடுகள்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் கூட்டம் நடந்தது. இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தனர். 1990 என்ற இலக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அழைத்தவர்கள் மூவர் மட்டுமே. ஏன் என்று கேட்டபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அடிக்கலாம் பிள்ளை. அடிச்சா என்னெண்டு சொல்லுறது? குளக்கட்டால வந்து, பாலை மரத்தடியில திரும்பி, மூண்டாவது திட்ட வீடு எண்டு சொன்னால் கொழும்பில இருக்கிறவைக்கு விளங்குமே? இஞ்ச எல்லாமே திட்ட வீடு. எல்லா இடத்திலயும் பாலை மரம்."

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயமன்று. வன்னியில் இடங்களின் பெயர்கள் அந்த ஊர் மக்களுக்காக வைக்கப்பட்டவை. கட்டை, வாய்க்கால், யுனிற், சந்தி என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு அயலவர் வந்துவிடுவார். உருத்திரபுரத்தில் வாய்க்கால் இலக்கம் சொன்னால் போதும். விசுவமட்டில் றெட்பானா சந்தி என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்பு அங்கே பணிபுரிந்த நோர்வே நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பெயர் அப்படியே சந்தியின் பெயராகிவிட்டது. ஆனால் இவை எல்லாம் தொலைவில் இருந்து கேட்பவருக்குப் பயன்படும் முகவரிகள் அல்ல. அதைவிட, ஒரே பெயருள்ள கிராமங்கள் இரண்டு மாவட்டங்களிலும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் தாய் தன் அனுபவத்தைக் கூறினார். அவருடைய மாமியாருக்கு வாதம் வந்த இரவில் வண்டி பிரதான வீதி வரை விரைவாகவே வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் போனது. "வண்டியின்ர லைற் தூரத்தில அங்கயும் இஞ்சயும் போறது தெரியுது அக்கா. கூப்பிட்டால் கேக்காது. போனில சார்ச்சும் இல்லை. சின்னவனைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினன்." வண்டி வந்த தூரத்தைவிட, படலைக்கும் வீதிக்கும் இடையில் இருந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்கே கூடுதலான நேரம் செலவாகியிருந்தது.

மூன்று தாமதங்கள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது ஒரு கட்டுரையைப் படித்திருக்கிறேன். சரின் தடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1994 இல் எழுதியது. தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த அவர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டார்கள். முதலாவது, வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம். இரண்டாவது, போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம். மூன்றாவது, போன இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம்.

அம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று அதிகாரிகள் கணக்கிடுவது, அழைப்புக் கிடைத்த நேரத்திலிருந்து வண்டி வந்துசேரும் நேரம் வரை மட்டுமே. அது இரண்டாவது தாமதத்தில் ஒரு பகுதிதான். எங்கள் கிராமங்களில் மிக நீண்ட தாமதம் அந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. விடியட்டும் பார்ப்போம் என்று இருப்பது. வாய்வாக இருக்கும் என்று இஞ்சித் தேநீர் குடிப்பது. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று யோசிப்பது. கணவரை இழந்த, கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணின் வீட்டில் முடிவெடுக்க வேறொருவர் இல்லை. துணைக்குப் போகவும் ஒருவர் இல்லை. திரும்பி வர ஆட்டோவுக்குக் காசு வேண்டும். அடுத்தநாள் கூலி போய்விடும். இவ்வளவையும் நினைத்துவிட்டு அவள் வலியைப் பொறுத்துக்கொள்கிறாள். பொறுத்துக்கொள்வதில் எங்கள் பெண்களுக்குப் பயிற்சி கூடிப்போய்விட்டது.

சில நோய்கள் பொறுமைக்கு இடம்தருவதில்லை. பிரசவத்தின் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு ஆரோக்கியமான பெண்ணையும் சில மணித்தியாலங்களுக்குள் கொன்றுவிடக்கூடியது. வாதம் வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதானால் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கான் எடுத்தாக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல் என்பவற்றில் ஒன்றைக் கண்டாலே அழைக்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தாலும் அப்படித்தான்.

பாம்புக்கடி வன்னியில் எவருக்கும் புதிதல்ல. வயலில் கடிப்பது பெரும்பாலும் புடையன். இரவில் நிலத்தில் படுத்திருக்கும்போது கடிப்பது விரியன். அதன் கடி பெரிதாக வலிப்பதில்லை, அடையாளமும் சரியாகத் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகுதல் என்று தொடங்கும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. காப்பு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கும் நேரம் நோயாளியின் நேரம்.

மூன்றாவது தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. வவுனியாவிலும், கிளிநொச்சியிலும், முல்லைத்தீவுக்கான மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. 2024 மே மாதத்தில் கிளிநொச்சியில் பெண்களுக்கான விசேட சிகிச்சை மையம் ஒன்றும் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் எழுந்த இடங்களில் வைத்தியர், தாதியர், மயக்க மருந்து நிபுணர், இரத்தம் ஆகியன இரவிலும் இருக்கின்றனவா என்பதே அடுத்த கேள்வி. இல்லையென்றால் நோயாளி யாழ்ப்பாணத்துக்கு மீண்டுமொரு பயணம் போகவேண்டும்.

தண்ணீர் வரும் மாதங்கள்

முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போக வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். ஒடுங்கிய பாலம், எதிரில் ஒரு வாகனம் வந்தால் மற்றது காத்துநிற்க வேண்டும். மாரியில் தண்ணீர் மேவிப் பாயும். 2009 மே மாதத்தில் அந்தப் பாலத்தால் வந்தவர்களை நினைக்காமல் எங்களில் எவரும் அதைக் கடப்பதில்லை. புதிய பாலத்துக்கான வேலைகள் 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டன. அது முடியும்போது அம்புலன்சுக்கும் ஒரு தடை நீங்கும்.

மழைக்காலத்தில் வன்னியின் வரைபடமே மாறிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல பகுதிகளைப் போல எங்கள் வீதிகளும் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் எத்தனை வண்டி இருந்தும் பயனில்லை. ஆகவே கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பிரசவத்துக்கு நாள் குறிக்கப்பட்ட தாய்மார் முன்கூட்டியே கிளினிக் மிஸ்ஸியுடன் பேசி, வைத்தியசாலைக்கு அண்மையில் வந்து தங்குவதற்கோ நேரத்தோடு அனுமதியாவதற்கோ ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

இது புதிய யோசனையல்ல. கியூபாவில் 1962 முதல் தூரக் கிராமத்துத் தாய்மார் பிரசவத்துக்கு முன்னர் வந்து தங்குவதற்கு வைத்தியசாலைகளின் அருகே தாய்மார் இல்லங்கள் நடத்தப்பட்டு வந்துள்ளன. தமிழ்நாட்டில் 108 அம்புலன்ஸ் சேவை 2008 செப்டெம்பரில் தொடங்கியது. மலைக்கிராமத் தாய்மாருக்கென ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளும் அங்கே அமைக்கப்பட்டன. வண்டி வேகமாகப் போக முடியாத இடத்தில் நோயாளியை முன்னதாகவே கிட்டக் கொண்டுவருவதும் ஒரு வழிதான். கர்நாடகத்தில் 2015 இல் மோட்டார் சைக்கிள் அம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. எங்கள் கிரவல் பாதைகளுக்கும் அதுபோன்ற ஒன்று பொருந்துமா என்று சுகாதாரத் திணைக்களம் ஆராயலாம்.

நாங்கள் செய்யக்கூடியவை

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடு வாய்க்கால்களின் பக்கத்தில் நடந்த கடைசிக் கூட்டத்தில், பெண்கள் தாங்களாகவே ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அது எல்லாக் கிராமங்களுக்கும் பொருந்தும் என்பதால் சிறிது விரித்துத் தருகிறேன்.

1. உங்கள் வீட்டின் முகவரியைத் தொலைவில் இருப்பவருக்கு விளங்கும்படி ஒரு தாளில் எழுதுங்கள். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, கிராமம், அருகில் உள்ள பாடசாலை அல்லது கோயிலின் முழுப்பெயர், எந்தப் பிரதான வீதியின் எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீற்றர் என்ற ஒழுங்கில் இருக்கட்டும். அதைச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பழக்குங்கள். அம்மாவுக்கு ஏதும் நேர்ந்தால் அழைக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

2. அழைத்தபின் தொலைபேசியை நிறுத்தி வைக்காதீர்கள். வண்டியில் வருபவர் திரும்ப அழைப்பார். மின்சாரம் இருக்கும்போதே சார்ச் ஏற்றி வையுங்கள். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

3. ஒருவர் ரோச் லைற்றுடன் வீதியில் நிற்க வேண்டும். தனியே இருக்கும் பெண்ணுக்கு இதற்கு அயலவர் தேவை. எந்த வீட்டுக்காக யார் வீதிக்குப் போவது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதைச் சங்கத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். நாயைக் கட்டி, படலையைத் திறந்து வையுங்கள்.

4. வண்டி வர நேரமாகும் என்று சொன்னால், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிரதான வீதியில் வண்டியைச் சந்திக்கலாமா என்று அழைப்பை எடுத்தவரிடமே கேளுங்கள். இரவில் வரக்கூடிய ஆட்டோக்காரர் இருவரின் இலக்கங்களும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

5. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துகள், ஒரு மாற்றுடுப்பு ஆகியன ஒரே பையில் இருக்கட்டும்.

6. சங்கச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை அவசர நிதியாக ஒதுக்குங்கள். வைத்தியசாலையிலிருந்து திரும்பி வரும் ஆட்டோச் செலவுக்குப் பயந்து எந்தப் பெண்ணும் வீட்டில் இருக்கக் கூடாது.

நாங்கள் கேட்கவேண்டியவை

மேலே சொன்னவற்றை நாங்கள் செய்தால் படலையிலிருந்து வீதி வரையுள்ள நேரம் குறையும். வீதிக்கு அப்பால் உள்ள நேரத்தைக் குறைப்பது எங்கள் கையில் இல்லை. அது அரசின் பொறுப்பு. அதனை எங்கள் தலையில் நாங்களே ஏற்றிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, வண்டிகளை ஒதுக்கும்போது சனத்தொகையுடன் தூரத்தையும் வீதியின் நிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இரண்டு, வயல் வேலைக் காலத்திலும் மழைக்காலத்திலும் வண்டிகள் நிற்கும் இடங்களை அழைப்புகள் கூடுதலாக வரும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மூன்று, உள்வீதிகளின் ஒவ்வொரு திருப்பத்திலும் இலக்கமிட்ட பெயர்ப்பலகை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, பிரதேச சபையே செய்யலாம். நான்கு, மாவட்டம் மாவட்டமாக வண்டி வந்துசேர எடுத்த நேரத்தை வெளியிட வேண்டும். நாடு முழுவதற்குமான சராசரி நகரத்தவரின் வேகத்தைக் காட்டும். காட்டோரக் கிராமத்தின் காத்திருப்பு அதில் மறைந்துபோகும். ஐந்து, சாரதியும் உதவியாளரும் இல்லாமல் வண்டி ஓடாது. எங்கள் மாவட்டங்களின் இளைஞர், யுவதிகளுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுத்தால், பாலை மரத்தடியில் திரும்பச் சொன்னாலும் அவர்களுக்கு விளங்கும்.

இவற்றைக் கேட்பதற்கு எங்களுக்கு இடம் உண்டு. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கொடுக்கலாம். கடிதத்தில் பொதுவாக முறையிடாமல், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு அழைத்தோம், எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எந்த வைத்தியசாலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச்சேர்ந்தோம் என்று எழுதுங்கள். ஒரு சங்கம் ஓராண்டு இவ்வாறு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அதைவிடப் பலமான சான்று வேறு தேவையில்லை.

வாசகியரே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் கிராமத்திலுள்ள கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியவர்கள், இதயநோய் உள்ளவர்கள் ஆகியோரின் வீடுகளை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இரவில் ரோச் லைற்றுடன் வீதிக்குப் போகப்போகும் அயலவரின் பெயரையும் எழுதுங்கள்.